ஸ்லிப்பர் ஆர்கிட்: தொட்டிக் கலவையைத் தேர்ந்தெடுப்பது

பாலசமுத்திரம், நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு வட்டாரத்தில் ஸ்லிப்பர் ஆர்கிட் வளர்க்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது செடியும் அல்ல, தொட்டியும் அல்ல. ஒரு டி.டி.எஸ். மீட்டர். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் பேனா அளவுக் கருவி அது. வெளிநாட்டுப் புத்தகங்கள் செடியின் இனத்தைப் பார்த்துக் கலவை சொல்கின்றன. அவர்களுக்கு மழைத்தண்ணீரும் மிதமான வெயிலும் இருப்பதால் அது சரிப்படும். நமக்கோ கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில். கிரானைட் பாறையைத் துளைத்து எடுக்கும் போர்த் தண்ணீர். இங்கே கலவையைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வரிசையில்தான் போகும்: தண்ணீர், பொருள், அளவு, நடவு.

வேரைப் பற்றி இவ்வளவு போதும்

ஸ்லிப்பர் ஆர்கிட் என்று நாம் இங்கே சொல்வது பாபியோபெடிலம் பேரினச் செடிகளை. காட்டில் இவை பெரும்பாலும் பாறை இடுக்கிலும் இலைமக்கின் மேலும் வளர்கின்றன. டென்ட்ரோபியத்துக்கு இருப்பதுபோல் தண்ணீரைச் சேமித்து வைக்கும் தடித்த தண்டு இவற்றுக்குக் கிடையாது. ஆகவே வேர் எலும்பாகக் காயவும் கூடாது, சேற்றில் நிற்கவும் கூடாது. ஈரமும் காற்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கலவையின் வேலை அது ஒன்றே. வேர்கள் எண்ணிக்கையில் குறைவு, உப்பைத் தாங்காது, ஒடிந்தால் மெதுவாகத்தான் முளைக்கும்.

செடி விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை

தென்னிந்தியாவுக்கென்று இருக்கும் ஒரே பாபியோபெடிலம் ட்ரூரி. அகத்தியமலையில் மட்டும் வளர்கிறது. 1865-ல் கர்னல் ட்ரூரி அதைக் கண்டதாகப் பதிவு, மஞ்சள் பூ. சேகரிப்பவர்கள் வேரோடு பெயர்த்துப் பெயர்த்தே அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கேரளத்தில் பாலோடு என்ற ஊரில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சியாளர்கள் ஆய்வகத்தில் நாற்று உண்டாக்கி மலையில் திரும்ப நட வேண்டிய நிலைமை. காட்டிலிருந்து எடுத்த செடி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாபியோபெடிலங்களைக் குறிப்பிட்ட தாவரங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வளர்க்கவும் விற்கவும் உரிமம் பற்றிய விதிகள் அதில் உண்டு. ஆய்வக நாற்றை ரசீதோடு வாங்குங்கள். உங்கள் மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வெப்பம். பட்டையான பச்சை இலை கொண்ட இன்சிக்னி, வில்லோசம் போன்றவை பூக்க நல்ல குளிர் இரவு வேண்டும். அவை ஏற்காட்டிலும் ஹார்ஸ்லி மலையிலும் இருக்கட்டும். சமவெளிக்குப் புள்ளி இலை வகைகள்: கலோசம், சுகாகுலியை, 1900-ல் பதிவான மாடியே கலப்பினமும் அதன் வழி வந்தவையும். முதல் செடி மாடியேயாக இருக்கட்டும் என்பது என் கட்சி. எந்த உயர்ந்த கலவையும் இன்சிக்னியை நகரியில் பூக்க வைக்காது.

முதல் வேலை: தண்ணீரை அளப்பது

1. போர்த் தண்ணீரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஒரு டம்ளரில் பிடியுங்கள். மீட்டரை விட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. மே மாதம் ஒருமுறை, மழை முடிந்து டிசம்பரில் ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரே போரில் இரண்டும் வேறாக இருக்கலாம். கூடுதலாக வந்த எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள்.
3. 200 பிபிஎம்முக்குள் இருந்தால் கவலையில்லை. 200 முதல் 400 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் அந்தத் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள்.

மீட்டர் உப்பின் மொத்த அளவைத்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் கடினத் தண்ணீர் ஒரு வகை. வாயில் விட்டால் கரிக்கும் தண்ணீர் இன்னொரு வகை. முன்னதை நீர்த்துப் பயன்படுத்தலாம். கரிக்கும் தண்ணீர் ஆர்கிடுக்கு அறவே ஆகாது.

பயப்படத் தேவையில்லை. 20 செடிகளுக்கு, தடவைக்குக் கால் லிட்டர் வீதம் வாரம் மூன்று முறை ஊற்றினால் வாரத்துக்கு 15 லிட்டர்தான். வருடத்துக்கு 780 லிட்டர். 10 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் வரும். வழியில் கொஞ்சம் போனாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு டேங்க் நிறைந்துவிடும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை விட்டுவிடுங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த மாடித் தண்ணீர் வேண்டாம். டேங்க் கறுப்பாக, மூடியோடு, வாயில் கொசுவலையோடு இருக்க வேண்டும். திறந்த தொட்டியில் வளர்வது டெங்குக் கொசுதான்.

> குறிப்பு: மழைத்தண்ணீர் தீர்ந்துபோனால் ஆர்.ஓ. கேன் தண்ணீர். வாரத்துக்கு ஒரு 20 லிட்டர் கேன் போதும். மூன்று பங்கு கேன் தண்ணீர் 40 பிபிஎம், ஒரு பங்கு கடினமான போர்த் தண்ணீர் 800 பிபிஎம் என்று கலந்தால் ஏறக்குறைய 230 வரும். செடிக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தும் அதிலேயே கிடைத்துவிடும். ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

பொருள்கள், ஒவ்வொன்றாக

*பைன் மரப்பட்டை.* கலவையின் முதுகெலும்பு. ஆர்கிட் பொருள் விற்கும் நர்சரிகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. பெரிய செடிக்கு 6 முதல் 12 மில்லிமீட்டர், நாற்றுக்கு 3 முதல் 6. பிசின் நாற்றம் தூக்கலாக அடித்தால் புதுப் பட்டை. கொதிநீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். காய்ந்த பட்டை தண்ணீரை ஏற்காது, மிதக்கும். மிதப்பதை அப்படியே தொட்டியில் போட்டால் ஊற்றும் தண்ணீரெல்லாம் ஓரமாக வழிந்து அடியில் போய்விடும், வேர் காயும்.

*தேங்காய் மட்டை.* நம்மிடம் கொட்டிக்கிடப்பது இதுதான். தேங்காய் மண்டியில் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஆனால் சும்மா கிடைத்ததைச் சும்மா போட்டுவிட முடியாது. பொட்டாசியமும் சோடியமும் அதில் நிறைந்திருக்கின்றன. பதப்படுத்தும் முறை கீழே தனியாக வருகிறது. முற்றி உலர்ந்த மட்டை மட்டும். இளநீர்க் கடை ஓரத்தில் கிடக்கும் பச்சை மட்டையை எடுத்து வராதீர்கள், சில மாதத்தில் அழுகிக் கூழாகும்.

*மரக்கரி.* இஸ்திரிக் கடைக்குப் போகும் சீமைக் கருவேலங் கரி நன்றாகவே உதவும். எரியாத கட்டியாக வாங்கி, உடைத்து, கழுவுங்கள். இஸ்திரிப் பெட்டியிலிருந்து கொட்டிய மிச்சக் கரி வேண்டாம். சாம்பல் கலந்திருக்கும், சாம்பல் காரம். மாவு சேர்த்து அச்சடித்த கரிக்கட்டியும் வேண்டாம்.

*செங்கல் துண்டு.* நன்கு வெந்த புதுச் செங்கல்லைச் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இடித்த வீட்டுச் செங்கல்லில் சிமெண்டும் சுண்ணாம்பும் ஒட்டியிருக்கும். உடைத்த துண்டை நனைத்து வெயிலில் காயவையுங்கள். மேலே வெள்ளையாகப் பூத்தால் அது உப்பு. அந்தச் சூளைக் கல்லை விட்டுவிடுங்கள்.

*பெர்லைட்.* வெள்ளையாக, எடையில்லாமல், காற்றுக்கு இடம் விடும். விலைக்குத் தகுந்த பொருள்தான். பையைத் திறந்ததும் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

*ஸ்பேக்னம் பாசி.* வேர் போன செடியைப் பிழைக்க வைக்கும் மருந்து, தினசரிச் சாப்பாடு அல்ல. நம் வெயிலில் ஈரப் பாசி சூடேறிப் புளித்துவிடும். உப்புத் தண்ணீர் பட்டால் உப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

*கருங்கல் சிப்ஸ்.* குவாரிகள் பக்கத்தில் இருப்பதால் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஈரம் பிடிக்காது, வெயிலில் சுடும், கனம். தொட்டியின் அடியில் ஓர் அடுக்கு, சாய்ந்து விழாமல் இருக்க. அத்தோடு சரி. எம்-சாண்ட் அதற்கும் வேண்டாம்.

*கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல்.* லங்காவி, தாய்லாந்துப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் நிவியம் போன்ற வகைகளுக்குச் சேர்க்கச் சொல்வார்கள். முழுக்க மழைத்தண்ணீரில் வளர்ப்பவர் ஒரு தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். போர்த் தண்ணீர் கலப்பவருக்குத் தண்ணீரிலேயே சுண்ணாம்பு வந்துவிடுகிறது, தேவையே இல்லை. பழவேற்காட்டுக் கிளிஞ்சல் கிடைத்தால் கடல் உப்பு போக நான்கைந்து முறை கழுவுங்கள்.

சேர்க்கவே கூடாதவை: செம்மண், மாட்டுச் சாணம், மண்புழு உரம், மரத்தூள், வேர்க்கடலைத் தோல், கரும்புச் சக்கை. கடைசி இரண்டும் ஊரெங்கும் கிடைக்கின்றன, காசும் இல்லை. ஆனால் ஈரம் பட்டதும் நொதித்துச் சூடேறும், சிறு ஈக்கள் மொய்க்கும், ஒரு பருவத்துக்குள் மக்கி வேர்களைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். மரப்பெரணித் தண்டும் நல்ல பொருள்தான்; ஆனால் அதை மலைக் காட்டில் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்பதால் இந்தப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

தேங்காய் மட்டையைப் பதப்படுத்துதல்

1. மட்டையை ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். முதல் நாள் ஊறவைத்தால் வெட்டுவது சுலபம். கட்டை மேல் வைத்து வெட்டுங்கள். கையில் பிடித்துக்கொண்டு கொடுவாளை வீசாதீர்கள்.
2. துண்டுகளைச் சலித்துத் தூளையும் நாரையும் நீக்குங்கள். தூள் ரோஜாத் தொட்டிக்குப் போகட்டும்.
3. வாளியில் 24 மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இறங்கும். கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். நான்கைந்து தடவை இப்படியே. முதல் தடவைகளுக்குப் போர்த் தண்ணீர் போதும், கடைசித் தடவைக்கு மழைத்தண்ணீர் அல்லது கேன் தண்ணீர்.
4. 10 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரையுங்கள். 20 கிராம் எப்சம் உப்பை ஒரு சொம்புத் தண்ணீரில் தனியே கரைத்துப் பிறகு அதில் ஊற்றுங்கள். இரண்டையும் உலர்ந்தபடி ஒன்றாகக் கொட்டினால் அடியில் கெட்டிப்பட்டுவிடும்.
5. துண்டுகளை அதில் ஓர் இரவு மூழ்க வையுங்கள். மட்டை பிடித்து வைத்திருக்கும் சோடியமும் பொட்டாசியமும் கழன்று, அந்த இடத்தில் கால்சியமும் மக்னீசியமும் ஏறும். வெறும் கழுவலில் இது நடக்காது. பலர் இந்தப் படியை விட்டுவிட்டு, இலை நுனி கருகியதும் வெயிலைக் குறை சொல்கிறார்கள்.
6. நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கடைசி அலசல் தண்ணீரை மீட்டரில் பாருங்கள். ஊற்றிய தண்ணீரைவிட 100 பிபிஎம்முக்குள் கூடியிருந்தால் முடிந்தது. இல்லையென்றால் இன்னொரு அலசல்.

கலவை அளவுகள்

பங்கு என்பது எடை அல்ல, கொள்ளளவு. எந்த டப்பாவாலும் அளக்கலாம், கடைசிவரை அதே டப்பாவாக இருக்கட்டும்.

* 200 பிபிஎம்முக்குக் கீழ் உள்ள தண்ணீர்: பைன் பட்டை 5, பதப்படுத்திய மட்டை 2, பெர்லைட் 2, கரி 1.
* 200 முதல் 400 வரை: பைன் பட்டை 6, பெர்லைட் 3, கரி 1. மட்டையும் பாசியும் கிடையாது. உப்பைப் பிடித்து வைக்காமல் தண்ணீரோடு வெளியே விடும் கலவை இது. அதனால் வேகமாகக் காயும், கோடையில் தினமும் பார்க்க வேண்டும்.
* பைன் பட்டை கிடைக்காதவர்கள், மழைத்தண்ணீர் மட்டும் இருந்தால்: மட்டை 6, செங்கல் துண்டு 2, கரி 2.
* சிறு நாற்று: பொடிப் பட்டை 6, பெர்லைட் 2, நறுக்கிய பாசி 1, பொடிக் கரி 1.

இரண்டாவது கலவைதான் இந்த வட்டாரத்தில் பெரும்பாலோருக்குப் பொருந்தும். முதலாவதன் மேல் ஆசை வந்தால் முதலில் மழைநீர் டேங்க் வையுங்கள்.

பாதுகாப்பு

கரி, செங்கல், பெர்லைட், கருங்கல் நான்கின் தூளும் நுரையீரலுக்குக் கெடுதல். கல் தூள் என்ன செய்யும் என்று குவாரி வேலைக்காரர்களைப் பார்த்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. நனைத்துவிட்டு உடையுங்கள், மூக்கை மூடும் மாஸ்க் போடுங்கள், செங்கல் உடைக்கும்போது கண்ணாடி அணியுங்கள். ஸ்பேக்னம் பாசியில் ஒரு பூஞ்சை இருக்கலாம். கையில் கீறல் வழியாக நுழைந்தால் ஆறாத புண்களை உண்டாக்கும். கையுறை இல்லாமல் பாசியைத் தொடாதீர்கள். பாசி வேலைக்குப் பிறகு ஆறாத புண் வந்தால் மருத்துவரிடம் பாசியைப் பற்றியும் சொல்லுங்கள். கால்சியம் நைட்ரேட் தீயை வளர்க்கும் பொருள். அடுப்பு, காய்ந்த மட்டைக் குவியல் இரண்டுக்கும் தூரத்தில், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தொட்டி

சின்னத் தொட்டி. மூன்று நான்கு கிளை உள்ள வளர்ந்த செடிக்கு 4 அங்குலம் போதும். வேரைச் சுற்றி ஒரு விரல் இடம் இருந்தால் நிறைவு. பெரிய தொட்டியில் நடுப்பகுதி காயவே காயாது, அழுகல் அங்கேதான் தொடங்கும்.

மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா என்ற சண்டைக்கு நம் ஊரில் பதில் இரண்டும். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தொட்டியில் செடி. அதை ஓர் அளவு பெரிய மண் தொட்டிக்குள் வைத்து, இடைவெளியில் கழுவிய ஆற்றுமணல். அடியில் ஓர் அங்குலம் ஜல்லி, வெளித்தொட்டியில் வடிகால் ஓட்டை. காலையில் மணலை நனைத்துவிட்டால் மண் சுவர் வழியாக நீர் ஆவியாகி வேர்ப்பகுதி குளிர்ந்திருக்கும். கோடைக்கு இதைவிட மலிவான குளிர்சாதனம் இல்லை. சிமெண்ட் தளத்தின் மேல் நேராக வைக்காதீர்கள். பெஞ்சு அல்லது செங்கல் அடுக்கின் மேல், 75 சதவீத நிழல்வலைக்குக் கீழே.

நடவு

1. முதல் நாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கலவையை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் வடித்துவிடுங்கள்.
2. தொட்டியைப் பக்கவாட்டில் தட்டிச் செடியை எடுங்கள். இலையைப் பிடித்து இழுக்காதீர்கள்.
3. பழைய கலவையை உதிர்த்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் துண்டு வராவிட்டால் வேரோடு இருக்கட்டும்.
4. வேரை விரலால் அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் உயிருள்ளது. தோல் மட்டும் கையோடு வந்து, உள்ளே வெறும் நூல் மிஞ்சினால் செத்தது. நிறத்தைப் பார்த்து வெட்டாதீர்கள். டென்ட்ரோபியம் வளர்த்தவர்களுக்கு நல்ல வேர் என்றால் வெள்ளை. பாபியோபெடிலத்தின் நல்ல வேர் பழுப்பு, மேலெல்லாம் சன்ன ரோமம். புதிதாக வளர்ப்பவர்கள் செத்தது என்று நினைத்து அதைத்தான் கத்தரித்துத் தள்ளுகிறார்கள்.
5. கத்தியை அடுப்புத் தீயில் காட்டி, ஆறவிட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு செடிக்கும் மறுபடி சுட வேண்டும். வைரஸ் பெரும்பாலும் கத்தி வழியாகத்தான் பரவும். கையில் சானிடைசர் தடவிக்கொண்டு தீப்பக்கம் போகாதீர்கள்.
6. பிரிக்க ஆசைப்பட்டால் பக்கத்துக்கு மூன்று கிளையாவது இருக்கட்டும். ஒற்றைக் கிளையாகப் பிரித்தது வருடக்கணக்கில் பூக்காமல் உட்கார்ந்திருக்கும்.
7. செடியின் அடிப்பகுதி கலவைக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே இருக்கும்படி வையுங்கள். மேலே தூக்கி வைத்தால் புது வேர் காற்றில் நீண்டு கருகும். இலைகள் சேரும் குருத்து மட்டும் புதையக் கூடாது.
8. கலவையைப் போட்டுக்கொண்டே தொட்டியைத் தட்டுங்கள், தானே இறங்கும். கட்டை விரலால் அமுக்கினால் காற்றுக்கு விட்ட இடமெல்லாம் போய்விடும்.
9. செடி ஆடினால் வேர் பிடிக்காது. குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.
10. வேரை வெட்டியிருந்தால் இரண்டு மூன்று நாள் தண்ணீர் ஊற்றாமல் இலையைச் சுற்றி ஈரக்காற்று மட்டும் கொடுங்கள். பிறகு வழக்கம்போல. உரம் ஒரு மாதத்துக்கு வேண்டாம்.

கலவை சரியாக இருக்கிறதா?

ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டி நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். குளிர்ச்சியாக, லேசாக நிறம் மாறி வந்தால் சரி. உலர்ந்து வந்தால் அன்றே ஊற்றுங்கள். மூன்று நாள் ஊற்றாமலும் சொட்டச் சொட்ட வந்தால் கலவை மக்கிவிட்டது. தண்ணீர் எப்போதும் காலையில். சாயங்காலம் ஊற்றிக் குருத்தில் தேங்கிய தண்ணீர், புழுக்கமான இரவில் ஒரே நாளில் பாக்டீரியா அழுகலைக் கொண்டுவரும்.

மாதம் ஒருமுறை, ஊற்றி வழியும் தண்ணீரை ஒரு தட்டில் பிடித்து மீட்டரில் பாருங்கள். உள்ளே போனதைவிட 200 பிபிஎம் கூடியிருந்தால் உப்பு சேர்கிறது. தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு மழைத்தண்ணீரை நிதானமாக ஊற்றிக் கழுவிவிடுங்கள். இரண்டு கழுவலுக்கும் எண் இறங்காவிட்டால் கலவையை மாற்றும் காலம் வந்துவிட்டது.

எப்போது மாற்றுவது?

இந்த வெயிலில் பட்டைக் கலவை ஒன்றரை வருடம், மட்டைக் கலவை ஒரு வருடம், பாசி ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்ட தேதியை ஒரு பெயர்ப்பட்டையில் பென்சிலால் எழுதித் தொட்டியிலேயே செருகிவிடுங்கள். பேனா மை வெயிலில் போய்விடும். பூ முடிந்த செடியை ஐப்பசி முதல் தை வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இரவு குளிரும், காற்றில் ஈரம் இருக்கும், வேர் பிடிக்கும். பங்குனி பிறந்துவிட்டால் கை வைக்காதீர்கள். வேர் அழுகிய செடியாக இருந்தால் மட்டும் விலக்கு. அதைப் பாசியில் சுற்றி நிழலில் வைத்து மழைக்காலம் வரை ஓட்டுங்கள். மற்றதையெல்லாம், சித்திரை வெயிலில் யாராவது இலவசமாகவே மாற்றித் தருகிறேன் என்று வந்தாலும் ஐப்பசியில் வரச் சொல்லிவிடுங்கள்.